அப்பாவின் சொல்: ஐன்ஃபாக்

1. எங்கள் அன்பு அப்பா சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் அமைதியாகக் கண்மூடினார்.
2. மறுநாள் அம்மாவின் தமையனாரான பெரியமாமா, அப்பாவுக்கு அணிவிக்கவென்று கறுப்புக் கோட் சூட்டும் டையும் வாங்கி வந்தார்.
3. அம்மா ஒரு ஜெர்மன் சொல்லைச் சொல்லி அதை மறுத்தார்.
4. அப்பாவின் பழைய வெள்ளைச் சட்டையைப் பெரியமாமாவே அயன் பண்ணிக் கொடுத்தார்.

இறுதிக்கிரியைகளை நேரலையில் பார்த்த உறவினர் சிலர், "ஒரு கோட் வாங்க வழியில்லையோ?" என்று கேட்டார்கள். அப்பாவை நாங்கள் எந்தக் குறையோடும் வழியனுப்பவில்லை என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

அப்பா சங்கானையில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தம்பிமாரைப் படிக்க வைக்கத் தோட்டத்தில் இறங்கினார். போர் துரத்த, அகதியாகச் சுவிசுக்கு வந்தார். சோலோதுர்னில் குடியேறி, ஓய்வு பெறும்வரை ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தார்.

வெள்ளைச் சட்டை, கருநீலக் காற்சட்டை, குளிருக்குச் சாம்பல் நிறச் சுவெட்டர். வேலைக்கும் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் அவைதான். ஆனால் கசங்கிய சட்டையோடு அவரை ஒருவரும் கண்டதில்லை. சப்பாத்து எப்போதும் பளபளக்கும்.

"மச்சான், போன கலியாண வீடியோவிலும் இதே சட்டைதானே!" என்று பெரியமாமா சீண்டுவார்.

"அப்பதானே சனத்துக்கை என்னை லேசாக் கண்டுபிடிப்பாய்" என்பார் அப்பா.

அம்மா சொன்ன அந்த ஜெர்மன் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. வந்த புதிதில் அப்பா பேர்ண் கோயிலுக்குப் போக ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட்டார். "ஐன்ஃபாக்?" என்றார் அங்கிருந்த பெண். எளிமை என்று ஜெர்மன் வகுப்பில் படித்த சொல். அப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார். திரும்பி வரும்போது ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பிடித்தார்.

"சாதாரண சீற் போதுமோ எண்டு கேக்கிறா எண்டு நினைச்சன். போறதுக்கு மட்டுமோ எண்டு கேட்டிருக்கிறா!" என்று அப்பாவே சொல்லிச் சிரிப்பார். அதன்பின் எதை வாங்கப் போனாலும், "எனக்கு ஐன்ஃபாக்" என்பதே அவர் பேச்சு.

அன்று கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெரியமாமா கெஞ்சினார். "லைவில எல்லாரும் பாப்பினம், தங்கச்சி. கடைசியா ஒருக்கா வடிவா அனுப்புவம்."

அம்மா அழவில்லை. "இப்பவும் அவருக்கு ஐன்ஃபாக் தான், அண்ணை. இது போறதுக்கு மட்டும் எடுத்த டிக்கெட். தன்ர உடுப்போடயே போகட்டும்."

மாமா சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டார். பிறகு அயன் பெட்டி எங்கே என்று கேட்டார்.

கடைசிவரை பராமரித்த தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், அப்பாவோடு வேலை செய்தவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், தூரத்திலிருந்து பார்த்து அழுத உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

கோட் கடைக்குத் திரும்பிவிட்டது. சுவெட்டரை அம்மா போடுகிறார். நாங்கள் நலமாக இருக்கிறோம்.

மகள்