சேற்றுக்கு ஒரு டயர், விளக்குக்கு ஒரு டயர்

டயர் கடையில் ஒரு பெண்பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயர் பார்த்ததை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. என் அண்ணி பார்த்தார். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருக்கிற கடை. சுவரில் சாய்த்து வைத்த இரண்டு டயர்களுக்கு முன்னால் புடவையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்று மட் டயர், சேற்றுக்கென்றே செய்தது. கட்டை கட்டையாகப் பட்டன் நிற்கும், நடுவில் விரல் முழுக்க உள்ளே போகிற பள்ளம். இன்னொன்றை ஆல் டெரைன் என்கிறார்கள், எல்லாத் தரைக்கும் பொதுவாம். பட்டன் சின்னது, நெருக்கம். அச்சிலிருந்து எடுத்த அகல் விளக்கின் விளிம்பில் பிசிர் இருக்கிறதா என்று தடவுவது போல இரண்டின் மேலும் உள்ளங்கையை ஓட்டினார். பிறகு கடைக்காரரிடம், "இது தடதடக்கும். இது வழுக்கும். அவ்ளோதானுங்களே?" என்றார். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் வெளியே வானத்தைப் பார்த்தேன். ஐப்பசி மழை எந்த நேரமும் இறங்கும் போல இருட்டிக்கொண்டு நின்றது.

என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அரை டவுசரோடு செராமிக் கம்பெனியில் களிமண் கூழ் வாளி தூக்கினேன். இன்றைக்குத் தொழிற்பேட்டையில் என் பட்டறை எங்கே என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. ஆட்டோவில் ஏறிப் பெயரைச் சொன்னால் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். பியூஸ் கட்டை, பொம்மை, அகல் விளக்கு, எல்லாம் என் அச்சில் வார்த்துத்தான் வெளியே போகிறது. எனக்கென்று நான் ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான், நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். வாங்கிய அன்றே கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு மட் டயர் போட்டேன். தார் ரோட்டில் போனால் ஙொய்யென்று சத்தம் வரும். பாலக்கரையில் வரும்போதே பட்டறையில் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்து வேலையைப் பார்ப்பான். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். பொய் சொல்வானேன்.

அண்ணி, என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் காலமான பிறகு ஒரே மகன் திருப்பூருக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பனியன் கம்பெனியில் நல்ல வேலை, மாடி வீடு. அண்ணி போய் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். "அங்க எனக்குச் சோறு இருக்குது தம்பி, வேலை இல்ல. சுவத்தப் பாத்துக்கினு உக்காந்திருந்தேன்" என்றார். கருவேப்பிலங்குறிச்சி போகிற வழியில் எங்களுக்கு இருக்கிற கரிசல் நிலத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டுக் கொடுக்கச் சொன்னார். போட்டேன். அச்சும் கொடுத்தேன். அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அகல் விளக்கு வார்க்க ஆரம்பித்தார். கார்த்திகைக்கு எவ்வளவு வார்த்தாலும் போகும்.

எங்கள் ஊர்த் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வார்க்கிறவர்கள் நிறையப் பேர், சூளை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் காயவைத்த பச்சைச் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்ப் பொதுச் சூளையில் முறை போட்டுச் சுட்டுக்கொள்வார்கள். பச்சைச் சரக்கு என்றால் சூளைக்குப் போகாத சரக்கு. பார்த்தால் விளக்கு, தொட்டால் பிஸ்கோத்து. தண்ணீர் பட்டால் மறுபடியும் மண். அதிர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத முடி விரிசல் விழும். ஏற்றும்போது தெரியாது, இறக்கும்போதும் தெரியாது. சுட்டு வெளியே எடுத்த பிறகுதான் கோடு கோடாகச் சிரிக்கும்.

அண்ணியின் முதல் லோடு அப்படித்தான் சிரித்தது. பாதிக்கு மேல் விரிசல். விளக்கு வாங்குகிற கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு லோடு பார்க்கிறேன், அதுவும் கார்த்திகைக்கு முன்னால் வந்தால் என்றார். விரிசல் விளக்கையெல்லாம் அண்ணி திரும்ப ஏற்றி வந்து கொட்டகைக்குப் பின்னால் குவித்துவைத்தார். கண்ணெதிரே கிடக்கட்டும் என்றார். அச்சில் தப்பு, காயவைத்ததில் தப்பு என்று நான் காரணம் சொன்னேன். அண்ணி ஒப்பவில்லை. அந்த லோடு போன என் ஜீப்பில் பின்னால் தட்டுகளோடு உட்கார்ந்து வந்தவர் அவர்தான். "உங்க டயரு தார் ரோட்டுல போட்ட ஆட்டம் என் பல்லுலயே தெரிஞ்சிது" என்றார்.

இதற்குள் மகனுக்குச் செய்தி போய்விட்டது. அவன் போனில் அண்ணியிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டான். அடுத்த லோடும் இப்படி ஆனால் கொட்டகையைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குக் கிளம்பிவிட வேண்டும், அதற்கு மேல் வாதாடக் கூடாது. அண்ணி சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன வார்த்தையை மாற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆக, அண்ணி இந்த ஊரில் இருப்பதும் போவதும் அந்த ஒரு லோடில் நின்றது. அந்த லோடு என் ஜீப்பின் நாலு டயரில் நின்றது.

டயர் கடையில் அன்றைக்கு நாங்கள் போட்ட வாதம் இதுதான். கொட்டகையிலிருந்து தார் ரோடு வரை கரிசல் பாதை. மழை பெய்தால் மாட்டு வண்டியே தயங்கும். அந்தச் சேற்றுக்கு மட் டயர்தான் சரி. பள்ளத்தில் மண் அடைத்தாலும் சுற்றுகிற வேகத்தில் உதறிவிட்டு அடுத்த பிடியைப் பிடிக்கும். ஆனால் பாதை கொஞ்ச தூரம்தான். அதற்குப் பிறகு சூளை வரைக்கும் தார். தார் ரோட்டில் மட் டயர் பாடிக்கொண்டே போகும், சீக்கிரம் தேயும், ஈர ரோட்டில் பிரேக் அடித்தால் நிற்க யோசிக்கும். ஆல் டெரைன் தாரில் மெத்தென்று போகும், கரிசலில் பட்டன் அடைத்துக்கொண்டு வழவழ உருளையாகிவிடும். கடைக்காரர் நல்ல மனுஷர். தினசரி ஓட்டுகிற வண்டிக்கு, அது அதிகமாக எங்கே ஓடுகிறது என்று பார்த்து டயர் போடுங்கள் என்றார். நான், மாட்டிக்கொள்கிற இடத்தைப் பார்த்துத்தான் டயர் போட வேண்டும் என்றேன். வாழ்க்கையில் அப்படித்தான் நான் மேலே வந்தேன், மோசமான நாளை நினைத்துத்தான் எதையும் வாங்குவேன்.

அண்ணி எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "சேத்துல மாட்டுனா எறங்கித் தள்ளலாம் தம்பி. விரிசல் வுட்டா எதைத் தள்றது?" என்றார்.

நாலும் ஆல் டெரைன் போடச் சொன்னேன். சத்தமில்லாமல் திரும்பினேன். பட்டறையில் நான் வந்ததே ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

சூளையில் எங்கள் முறை வந்த அன்று காலையிலிருந்தே மழை. மத்தியானம் விட்டது. சூளை மேஸ்திரி போன் செய்து, பொழுது சாய்வதற்குள் அடுக்கி மூடிவிடுவேன், வராவிட்டால் கார்த்திகைக்குப் பிறகுதான் இடம் என்றார். நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். இந்த மாதிரி வேலைக்கு டிரைவரை நம்புகிறவன் இல்லை நான். பெண்கள் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைக்கோல் பரப்பி, அதன் மேல் பழைய மெத்தை போட்டு அடுக்கினார்கள். மேலே தார்ப்பாய். அண்ணி பின்னால் ஏறித் தட்டுகளின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், குழந்தைகளைத் தூங்க வைக்கிறவர் போல.

பாதையில் பாதி தூரம் வரை வண்டி நன்றாகத்தான் வந்தது. பிறகு ஸ்டியரிங் கையில் லேசானது. அந்த லேசு எனக்குத் தெரியும், டயர் மண்ணின் பிடியை விட்டுவிட்டது. நாலு சக்கரமும் இழுக்கிற கியர் போட்டேன். பின்பக்கம் ஒருக்களித்து வரப்பை நோக்கிச் சறுக்கியது. பிரேக்கைத் தொடாமல் விட்டேன், நின்றது. இறங்கிப் பார்த்தால் டயரில் பட்டனே இல்லை. கரிசல் அப்பிக் கறுப்பு வடை மாதிரி இருந்தது. காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பார்த்தேன். இரண்டடி நகர்ந்து மறுபடியும் சுற்றியது. தள்ளலாம் என்று பெண்கள் வந்தார்கள். அண்ணி வேண்டாம் என்றார். ஆளாளுக்குத் தள்ளினால் வண்டி குலுங்கும். கிழக்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. தார்ப்பாயில் ஓரிரண்டு சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. அண்ணி தன் முந்தானையை எடுத்துத் தார்ப்பாயின் கிழிசலுக்கு அடியில் வைத்து அழுத்தினார்.

மட் டயராக இருந்தால் இந்நேரம் தார் ரோட்டில் இருப்போம் என்று என் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லிடுங்க தம்பி, தொண்டையில வெச்சுக்காதீங்க" என்றார். கூட இருந்த பெண்கள் அந்த நேரத்திலும் சிரித்துவிட்டார்கள். பிறகு அண்ணி கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி, அந்தக் குவியலை அள்ளி வாருங்கள் என்றார்.

எங்கள் ஊரில் பள்ளம் என்றால் உடைந்த பீங்கானைத்தான் கொட்டுவோம். பட்டறைச் சந்துகளெல்லாம் அப்படித்தான் மேடானவை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் கல்லைத் தேடியிருப்பான், தழையை வெட்டியிருப்பான். எங்களுக்கு அது தோன்றவேயில்லை. அண்ணியின் முதல் லோடு விளக்குகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் கொட்டி மிதித்தார்கள். நறநறவென்று நொறுங்கிச் சேற்றுக்குள் இறங்கியது. கிளட்சை மெதுவாக விட்டேன். டயர் ஒரு முறை சுற்றியது, கடித்தது, ஏறியது. கொட்டக் கொட்ட நான் நகர்ந்தேன். குவியல் தீருகிற இடத்தில் தார் ரோடு வந்தது.

புதுப் பீங்கான் ஓடு கத்தி என்பதும் எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தினமும் கையைக் கிழித்துக்கொள்கிறவர்கள் நாங்கள். டயரைப் பற்றி மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.

தார் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் பின் இடது பக்கம் தாழ்ந்தது. இறங்கிப் பார்த்தேன். பக்கச் சுவரில் ஒரு விளக்கின் மூக்கு குத்தி நின்றது, ஓரத்தில் காற்று சீறிக்கொண்டிருந்தது. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கியும் இருந்தது. நான் ஜாக்கியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அண்ணி தட்டுகளிலிருந்து கையை எடுக்காமலே தலையை ஆட்டினார். ஒரு பக்கம் தூக்கினால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சாயும். இறக்கி வைக்கலாம் என்றால் ரோடு முழுக்க ஈரம், வானம் தலைக்கு மேல் நிற்கிறது. சூளை கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் பக்கத்திலும் இல்லை.

"புது டயருங்க" என்றார் அண்ணி. அவ்வளவுதான் சொன்னார். காற்றில்லாமலே ஓட்டி அந்த டயரைப் பலி கொடுப்பீர்களா என்று அவர் என்னைக் கேட்டது அந்த ஒரு முறைதான். மற்றதெல்லாம் அதுவரை எனக்குச் சொன்னதுதான்.

ஜாக்கியை உள்ளே போட்டேன். ஏறி உட்கார்ந்து முதல் கியரில் எடுத்தேன். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் நிறுத்தி, டயர் உட்கார்ந்துவிட்டது என்று எனக்கு எடுத்துச் சொன்னார். தெரியும் என்றேன். தெரிந்துமா ஓட்டுகிறீர்கள் என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த ஊரில் என்னை அப்படிப் பார்த்தவர்கள் குறைவு. கடைசியில் ரப்பர் மடிந்து மடிந்து பிய்ந்து, அந்த வாடை உள்ளே வரை வந்தது. வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தே போனது, ஆனால் ஒரே சீராகப் போனது. ஒரு குலுக்கல் கொடுத்திருப்பேனா? கேட்டுப் பாருங்கள் அண்ணியை. என்னைப் போல வண்டி ஓட்டுகிறவன் இந்த வட்டாரத்தில் இல்லை என்று நான் சொன்னால் அது பெருமை, ஆனால் அவரும் அதைத்தான் சொல்வார்.

சூளை வாசலில் மேஸ்திரி கதவுப் பக்கம் நின்றிருந்தார். வண்டியின் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தட்டுகளை வாங்க ஆட்களைக் கூப்பிட்டார். கடைசித் தட்டு இறங்கிய பிறகுதான் அண்ணி கீழே இறங்கினார். கால் மரத்துப்போய் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தானை நனைந்து களிமண்ணாக இருந்தது. கிழிசலுக்கு அடியில் இருந்த தட்டில் ஒரு மூலை மட்டும் கரைந்திருந்தது.

சூளை ஆறித் திறக்கிற வரைக்கும் அண்ணி என் வீட்டில்தான் இருந்தார். என் மனைவியோடு சேர்ந்து அப்பளம் காயவைத்தார், தொலைக்காட்சி பார்த்தார். மகன் இரண்டு தரம் கூப்பிட்டான், இன்னும் திறக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். ஒரு நாள் அவருடைய துணிப்பை மடித்துக் கட்டி மூலையில் தயாராக இருந்ததை என் மனைவி எனக்குக் காட்டினாள்.

திறந்த அன்று சூட்டோடு தட்டை வெளியே இழுத்தார்கள். அண்ணி ஒரு விளக்கை எடுத்தார், துணியோடு. நகத்தால் சுண்டினார். நல்ல விளக்கு மணி மாதிரி சொல்லும், விரிசல் விளக்கு செத்த சத்தம் கொடுக்கும். மணி. அடுத்தது. மணி. மூன்றாவது செத்தது, என் நெஞ்சும் கூட. அதை ஒதுக்கி வைத்தார். அப்புறம் மணி, மணி, மணி. ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டே போனார், அவசரமே இல்லை. மேஸ்திரிகூட டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். ஒதுக்கினது ஒரு முறத்தில் அடங்கியது.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு மகனுக்குப் போன் போட்டார். "நான் வரலப்பா. பொங்கலுக்கு நீங்க வாங்க." எதிர்ப்பக்கம் அவன் என்ன சொன்னானோ, "இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். வைத்துவிட்டு, விளக்குக் கடைக்காரருக்கு யார் சொல்வது என்று என்னைக் கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்று மறுபடியும் போனை எடுத்தார்.

இப்போதெல்லாம் ஜீப் வைத்திருக்கிற பையன்கள் என்னிடம் வந்து எந்த டயர் போடலாம் என்று கேட்கிறார்கள். யோசனை சொல்கிறேன், நான் சொன்னால் சரியாக இருக்கும். கொட்டகையை அண்ணி இரண்டு மடங்கு நீட்டிவிட்டார். உட்கார எனக்கு இடம் கிடைப்பதில்லை, எங்கே பார்த்தாலும் பலகையும் தட்டும். போன வாரம் போய் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, வார்க்கிற பெண்களிடம் அந்தக் காலத்தில் வாளி தூக்கிய கதையை ஆரம்பித்தேன். அண்ணி களிமண் கையோடு வெளியே வந்தார்.

"தம்பி, பேச வந்தீங்களா, ஏத்திக்கினு போவ வந்தீங்களா?"

நான் வண்டியைப் பின்னால் எடுத்துக் கொட்டகையோடு ஒட்டி நிறுத்தினேன்.