பூட்டு அண்ணனும் புது வழியும்

கடைத்தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. பூட்டு அண்ணன் என்றால்தான் தெரியும். கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை வைத்திருக்கிற மனிதருக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்பவர்கள் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மவுஸ்களை மேஜையோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருப்பார். ஃபேன் சுவிட்சுக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டு. தண்ணீர் டம்ளருக்கும் சங்கிலி உண்டு. அது கொஞ்சம் குட்டை என்பதால் குனிந்துதான் குடிக்க வேண்டும். கழிவறைச் சாவி வேண்டுமென்றால் ஒரு கால் செருப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆத்திர அவசரத்தில் நொண்டியடித்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்துத் தெருவே சிரிக்கும், அவர் சிரிக்க மாட்டார்.

பிறக்கும்போதே இப்படி இல்லை பாவம். சின்ன வயதில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்திப் பையைத் தடவுவார்கள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பார்கள். ஒருநாள் ஏதோ ஒரு பெட்டி காணாமல் போக, இவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பெட்டி பிறகு வேறொரு அடுக்கில் கிடைத்தது. கிடைத்ததை யாரும் இவரிடம் வந்து சொல்லவில்லை. அன்றைக்கு வேலையை உதறிவிட்டு வந்தவர், உலகத்தில் தடவுகிறவன், தடவப்படுகிறவன் என்று இரண்டே சாதிதான் என்ற முடிவோடு வந்தார். இனித் தடவுகிற பக்கம்தான் நிற்பது என்றும் தீர்மானம் செய்துவிட்டார்.

கடைக்கு அவர் முதலாளி என்றால் அதன் உயிர்நாடி மச்சினன். மனைவிக்கு ஒரே தம்பி. அதிகம் பேசாத ஆள். கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் ரிப்பேர் மேஜை போட்டு, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பான். எந்த மெஷின் மூச்சு விடத் திணறினாலும் அவன் கை பட்டால் எழுந்துகொள்ளும். ரிப்பேர் மேஜையில் சோதனை பார்ப்பதற்கென்று கடை மெஷின்களைப் போலவே ஒரு மெஷினும் வைத்திருந்தான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்டு ஒருத்தன் புதிதாக விளையாட்டுக் கடை திறக்கும்வரை. திறந்த வாரமே மச்சினன் வந்து பூட்டு அண்ணனிடம் ஒரு யோசனை சொன்னான். விளையாட்டு, படம் வரைகிற கார்டோடு நேராகப் பேசாதாம். நடுவில் ஒரு ஆள் வேண்டுமாம். இத்தனை நாள் கடையில் அந்த நடு ஆள் பழைய டைரக்ட்எக்ஸ். இப்போது எல்லாரும் விழுந்து விழுந்து ஆடுகிற துப்பாக்கி விளையாட்டில் வல்கன் என்று இன்னொரு வழியும் இருக்கிறது, செட்டிங்கில் ஒரு இடத்தில் மாற்றினால் போதும், இதே கார்டில் படம் இன்னும் வேகமாக ஓடும் என்றான். ஒரே ஒரு சங்கடம். புது வழி முதல்முறை ஒவ்வொரு இடத்துக்கும் போகும்போது கொஞ்சம் திணறும். அந்த இடத்தை எப்படி வரைவது என்று கற்றுக்கொண்டு மெஷினுக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். ஒருமுறை எழுதிவிட்டால் அப்புறம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போகும்.

பூட்டு அண்ணனுக்கு மூக்கில் வியர்த்தது. பைசா செலவில்லாமல் வேகம் கூடுகிறதாம், அதைச் சொல்ல எதிர்க்கடை திறந்த வாரம்தான் வாய்த்ததாம். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று மனம் சொன்னது. இருந்தாலும் முகத்தில் காட்டாமல், திங்கட்கிழமை மாற்றிக்கோ என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினனுக்கு லீவு. அன்றைக்கு வேறு பேட்டையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். கடை மெஷின்களில் மச்சினன் என்ன உள்ளடி வேலை செய்தாலும் நிற்கக் கூடாது, அதற்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்றான் அவன். ஒரு சாஃப்ட்வேர் பூட்டு. போட்டுவிட்டால் மெஷினை அணைத்துப் போடும்போதெல்லாம், இடையில் உள்ளே எழுதப்பட்டது அத்தனையும் துடைத்துப்போட்டாற்போல் அழிந்து பழையபடி வந்து நிற்கும். விளையாட்டுகள் இருக்கிற பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பூட்டலாம், பூட்டு இருப்பதே வெளியில் தெரியாது. பூட்டு அண்ணனுக்கு வாயெல்லாம் பல். எல்லா மெஷினிலும் போடச் சொன்னார். பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று மெக்கானிக் கேட்டபோது அவனை நகரச் சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து ஒற்றை விரலால் அடித்தார். அடித்து முடித்துத் தனக்குத்தானே சிரித்தும் கொண்டார். பின்னறை மெஷினை மட்டும் தொடவில்லை, தொட்டால் மச்சினன் கண்டுபிடித்துவிடுவான்.

திங்கட்கிழமை மச்சினன் எல்லா மெஷினிலும் புது வழிக்கு மாற்றினான். அன்றிலிருந்து பிடித்தது சனி.

முதலில் வந்து புலம்பியவர் மருந்துக்கடைக்காரர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் வந்து ஆடுகிற ரகம். "அண்ணே, ஓடிப் போய் ஒரு கதவைத் திறக்கறேன், படம் அப்படியே நின்னுடுது. அது திரும்பி வர்றப்ப நான் செத்துக் கிடக்கறேன்" என்றார். டூட்டி முடிந்து வந்து ஆடுகிற பஸ் கண்டக்டரும் அதையே சொன்னார். அரைமணி ஆடினால் சரியாகிவிடுகிறது, ஆனால் அந்த அரைமணிக்குள் ஆட்டமே முடிந்துவிடுகிறது என்றார்கள். மச்சினன், கொஞ்சம் பொறுங்கள், மெஷின் கற்றுக்கொள்கிறது என்றான். ஒரு வாரம் பொறுத்தார்கள். மெஷின் ஒரு எழவையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கடையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஆள் எழுந்தால் மெஷினை அணைத்துவிட வேண்டும். அடுத்த ஆள் வந்து போட்டால் மறுபடி அதே திணறல்.

மச்சினன் தலையைப் பிய்த்துக்கொண்டான். பின்னறை மெஷினில் புது வழி சொன்னபடி வழுக்கிக்கொண்டு ஓடியது. அதே விளையாட்டு, அதே கார்டு, முன்னறையில் மட்டும் முக்கல் முனகல். அவன் பின்னறைக்கும் முன்னறைக்கும் நடையாய் நடந்ததைக் கல்லாவிலிருந்து பூட்டு அண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பின்னால் நன்றாக ஓடுகிறது, முன்னால் ஓடவில்லை. அப்படியானால் நல்ல கார்டைக் கழற்றிப் பின்னால் வைத்துக்கொண்டானா? அவன் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு மெஷினையும் திறந்து பார்த்தார். இரண்டும் ஒரே கார்டு, ஒரே தூசி. நிம்மதி வந்திருக்க வேண்டும். அவருக்கோ சந்தேகம் இன்னும் கூடியது. திருட்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் திருடன் கைகாரன் என்றுதானே அர்த்தம்!

அந்த வியாழக்கிழமை, மச்சினன் ஜெராக்ஸ் கடை வாசலில் எதிர்க்கடைக்காரனோடு நின்று பேசுவதைப் பார்த்துவிட்டார். எதிர்க்கடைக்காரன் அவன் தோளில் கை வேறு போட்டான். அன்று மாலை கண்டக்டரும் மருந்துக்கடைக்காரரும் சேர்ந்தாற்போல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். பூட்டு அண்ணனுக்கு இரண்டும் இரண்டும் நாலாகிவிட்டது. நேரே பின்னறைக்குப் போனார்.

"என் ஆளையெல்லாம் எதிர்ல தள்ளிவிடறதுக்குத்தான் இந்தப் புது வழியா மாப்ள?"

மச்சினன் ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்தான். "அவர் என்னை வேலைக்குக் கூப்பிட்டாரு. வரலைன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றான். பிறகு மேஜை விளக்கை அணைத்தான். "இப்ப போய் வர்றேன்னு சொல்லிக்கறேன் மாமா. சனிக்கிழமையோட நான் நின்னுக்கறேன்."

போகட்டும் என்றுதான் நினைத்தார். வீட்டில்தான் பூகம்பம். மனைவி கடைக்கு மேலே மாடியில் பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை பார்க்கிறவள், நாள் முழுக்க வலியோடு வருகிறவர்களைச் சமாளித்துப் பழகியவள், எளிதில் குரல் உயர்த்த மாட்டாள். அன்றைக்கும் உயர்த்தவில்லை. தம்பியைத் தன் இடுப்பில் தூக்கி வளர்த்த கதையையும் எடுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பினா அவன் அப்புறம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டான். அவன் வராத வீட்ல நான் எப்படி இருக்கறதுன்னு நீங்களே யோசிச்சு வைங்க."

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். ஆனாலும் சந்தேகம் தணியவில்லை, அதுதான் அவர் ஜாதகம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மனைவியும் வாயை மூடிக்கொள்வாள் அல்லவா? மறுநாள் மதியம் மச்சினன் சாப்பிடப் போனதும் கடையைச் சாத்திவிட்டு, புது வழியில் என்ன உள்ளடி இருக்கிறது என்று பார்க்கத் தானே ஒரு மெஷினைப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் தன் கடையில் ஒரு விளையாட்டுகூட ஆடியதில்லை அவர். துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் வயல்வெளியில் சுவரைப் பார்த்தபடி நின்றார். நகர்ந்தால் படம் நின்றது. கதவைத் திறந்தால் நின்றது. யாரோ சுட்டார்கள், செத்தார். மறுபடி வந்தார், செத்தார். சாகச் சாக ஒன்று புலப்பட்டது: ஒருமுறை நின்ற இடத்தில் படம் மறுபடி நிற்கவில்லை. அந்த வயல், அந்தக் கதவு, அந்தச் சுவர், எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. மச்சினன் சொன்னபடியேதான். பயல் கதை விடவில்லை போலிருக்கிறதே!

தண்ணீர் குடிக்க எழுந்தார். எழுந்தவர், பழக்க தோஷத்தில் மெஷினை அணைத்துவிட்டார். குனிந்து குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டார். வயல், கதவு, சுவர். எல்லா இடத்திலும் மறுபடி முதலிலிருந்து அதே திணறல்.

விரல் மவுஸின்மேல் அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால் எழுதியதெல்லாம் அழியும். இதை யாரோ சொல்லக் கேட்டிருக்கிறோமே என்று தேட வேண்டியிருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, இதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அந்த மெக்கானிக் சொன்னான். இவர்தான் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மெஷின் பாவம், ஒவ்வொரு முறையும் கற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மாற்றிய செட்டிங் விளையாட்டுப் பகுதியில் இருந்ததால் தப்பிவிட்டது, அதற்கு வெளியே கற்றதை எழுதி வைத்த இடத்தைத்தான் இவர் பூட்டு துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறது. உடம்பெல்லாம் கூசியது. கிடங்கு வாசலில் சட்டையைக் கழற்றி நின்றபோது கூசிய அதே கூச்சம். பெட்டி வேறு அடுக்கில் கிடைத்துவிட்டது. இந்த முறை போய்ச் சொல்ல வேண்டியவர் அவர்.

சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை காலை மச்சினன் ஸ்க்ரூ டிரைவர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். அக்காவும் மாடிக்குக் கிளினிக்குக்குப் போகாமல் பின்னறை வாசலில் வந்து நின்றாள். பூட்டு அண்ணன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, மெஷின்களில் தான் ஒரு பூட்டுப் போட்டு வைத்திருப்பதையும் அது செய்கிற வேலையையும் சொல்லி முடித்தார்.

"எப்ப போட்டீங்க?" என்றான் மச்சினன்.

"நீ மாத்தினதுக்கு முந்தின நாள்."

மச்சினன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். கோபத்தைவிட, இத்தனை நாள் பிடிபடாத கோளாறு பிடிபட்ட நிம்மதிதான் முதலில் அவன் முகத்தில் வந்தது. தொழில்காரன் அப்படித்தான். முன்னறைக்குப் போய் முதல் மெஷினில் உட்கார்ந்தான். மறைந்திருந்த பூட்டை எப்படி வரவழைப்பது என்று பூட்டு அண்ணன் சொல்ல, அது வந்து பாஸ்வேர்டு கேட்டது.

"நகரு மாப்ள, நான் அடிக்கறேன்."

மச்சினன் நகரவில்லை. "என்ன பாஸ்வேர்டு?"

பூட்டு அண்ணன் திருதிருவென்று விழித்தார். கடையிலிருக்கிற அத்தனை மெஷினுக்கும் அதே ஒன்றுதான். ஓடிப் போய் மாற்றவும் வழியில்லை, மாற்றுவதற்கும் அவன் கண்ணெதிரே அதையே அடித்தாக வேண்டும். மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு உதவியும் இல்லை.

"மச்சினன் திருடன்" என்றார்.  "இங்கிலீஷ் எழுத்துல. எல்லாம் சின்ன எழுத்து. நடுவுல இடம் விடக் கூடாது."

 மச்சினன் விசைப்பலகையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். பூட்டு திறந்தது. எடுத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனான். அங்கும் அதையே அடித்தான். அதற்கடுத்த மெஷினிலும் அடித்தான். இரண்டாவது முறை அவரிடம் கேட்கவே இல்லை. வரிசை நெடுக அந்தச் சத்தத்தைக் கேட்டபடி பூட்டு அண்ணன் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்தது.

கடைசியில் கல்லாவில் அவர் வைத்திருந்த மெஷின் மட்டும் மிச்சம் இருந்தது.

"இதுல நீங்க அடிங்க மாமா" என்றான் மச்சினன்.

அவர் உட்கார்ந்தார். அவன் பின்னால் நின்றான். தினமும் பார்க்கிற விசைப்பலகையில் எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. தேடித் தேடி அடித்து முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. இந்த மெஷினில் யாரும் ஆடுவதில்லை என்பதால் பூட்டு இருக்கட்டும், பாஸ்வேர்டை மட்டும் மாற்றலாம் என்றான் மச்சினன். திரையில் புது பாஸ்வேர்டுக்கான கட்டம் வந்து காத்திருந்தது.

பூட்டு அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீயே வை மாப்ள. என்கிட்ட சொல்லாத."

மச்சினன் ஒரு கணம் அவரையே பார்த்தான். தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றிக் கல்லாமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். பூட்டு அண்ணன் முதுகைக் காட்டித் தெருப்பக்கம் திரும்பி நின்றார். எதிரே ஜன்னல் கண்ணாடியில் மச்சினனின் விரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. முதல் எழுத்தைப் பார்த்தேவிட்டார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.