அருவிச் சத்தத்தில் விட்ட பீடி

அந்த மனோவசிய டாக்டர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஏமாற்றியவன் நான். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் வயிறு எரிகிறது.

நான் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துப் பிழைத்தவன். சாரல் காலத்தில் குளிக்க வருகிறவர்களைப் பலகையில் படுக்க வைத்து, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்து, தட்டி, பிசைந்து அருவிக்கு அனுப்ப வேண்டும். எட்டாம் வகுப்புவரை படித்தும் எனக்கு இந்த வேலைதான் வாய்த்தது. சீசன் முடிந்தால் அச்சன்புதூர்ப் பக்கம் கதிரறுக்கப் போவேன், களத்தில் மூட்டை தூக்குவேன். அதுவும் இல்லாத நாட்களில் பீடிதான் சோறு. இரண்டு பீடி குடித்தால் மத்தியானப் பசி போய்விடும். அப்படித்தான் பழகினேன்.

ஒரு நாளைக்கு மூன்று கட்டு. எண்ணெய்க் கையால் தொட்டால் பீடி இலை ஊறிப்போய் நெருப்புப் பிடிக்காது. அதனால் உதட்டாலேயே கட்டிலிருந்து ஒன்றை உருவி எடுக்கப் பழகியிருந்தேன். துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு குச்சியை உரசுவேன். இதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான்.

ஒரு லாட்ஜுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தோம், நானும் என் மனைவியும். பிள்ளை இல்லை. அறைக்கு ஜன்னல் இல்லை. சாரல் அடித்தால் கதவைச் சாத்தியாக வேண்டும். அவளுக்கு இளைப்பு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் கேட்கும். அந்த அறைக்குள் உட்கார்ந்துதான் நான் மூன்று கட்டையும் குடித்தேன்.

தென்காசியில் ஒரு டாக்டரிடம் அவளைக் கூட்டிப் போனேன். அவர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி மூக்கைச் சுளித்தார்.

"வே, மருந்து இவளுக்கு இல்ல, உமக்குத்தான் குடுக்கணும். இனிமே அந்த வீட்டுக்குள்ள புகை போச்சுன்னா இவ தாங்க மாட்டா. சொல்லிட்டேன்."

தலையை ஆட்டினேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒரு நினைப்பும் இல்லாமல், ஒன்றைப் பற்ற வைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் இலத்தூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். இலத்தூரில் அவள் அண்ணன் வீடு.

"ஏட்டி, எங்க போற?"

"பீடிய விட்டா வந்து கூப்பிடுங்க. விடலைன்னா வராதீங்க. எனக்கு மூச்சு விடணும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நான் விடப் பார்க்காமல் இல்லை. கட்டோடு தூக்கி அருவியில் போட்டேன். அரை மணி நேரத்தில் கடைக்குப் போய் வேறு கட்டு வாங்கினேன். கோயிலில் சூடத்தை அடித்துச் சத்தியம் செய்தேன். கோயில் வாசலிலேயே சத்தியம் போயிற்று. பக்கத்துப் பலகையில் எண்ணெய் தேய்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். என்னைப் பார்த்து, "ஏலே, நீ செத்தாலும் கொள்ளி வைக்கவே வேண்டாம். வாயில இருக்க கங்கே போதும்" என்பார். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது அது. அந்த வருஷச் சாரலுக்கு மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து லாட்ஜில் ஒரு மாதம் தங்கினார். மெஸ்மரிச டாக்டர் என்றார்கள். திக்குவாய், நகம் கடிப்பது, குடி, சுருட்டு எல்லாவற்றையும் தூங்க வைத்தே நிறுத்திவிடுவாராம். ஆள் பார்க்கப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். மந்திரவாதிக் களை எதுவும் இல்லை. தினமும் என் பலகைக்குத்தான் வருவார்.

பலகையில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. படுத்திருக்கிறவருக்கு நல்லதை மட்டும்தான் சொல்ல வேண்டும். நம் வீட்டில் எழவு விழுந்திருந்தாலும் "சௌக்கியம் சார்" என்றுதான் சொல்ல வேண்டும். முக்கியமாக, தண்ணீர் குறையும் என்று சொல்லவே கூடாது. பாறையில் ஆடு மூத்திரம் பெய்கிற அளவுக்குத் தண்ணீர் விழுந்தாலும், "மலையில மழை சார், சாயங்காலம் கொட்டிரும்" என்று சொல்ல வேண்டும். ஒருவர் மூட்டை கட்டினால் பின்னாலேயே பத்துப் பேர் கட்டுவார்கள். உண்மை பேசிய பயலை மற்ற பலகைக்காரர்கள் சேர்ந்து விரட்டிவிடுவார்கள். பதினாறு வயதிலிருந்து அந்தச் சட்டப்படிதான் பேசினேன். யோசித்துப் பேசுவதில்லை, வாய் தானாகப் பேசிவிடும்.

ஒருநாள் குப்புறப் படுத்தபடியே அவர் கேட்டார்.

"ஏம்பா, உன் கை அருமையா இருக்கு. வாயில மட்டும் ரயில் ஓடுதே, விடக் கூடாதா?"

"முடியல சார்."

"ஆசை இருக்கா?"

"பொண்டாட்டி போயிட்டா சார்."

பலகையில் கிடந்த ஒருவரிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முழுவதையும் கேட்டார். தென்காசி டாக்டர் சொன்னது, இலத்தூர் பஸ், எல்லாவற்றையும்.

"நாளைக்கு மத்தியானம் ரூமுக்கு வா. நீ என் உடம்பைப் பிடிச்சு விடுறே, நான் உன் மனசைப் பிடிச்சு விடுறேன்" என்றார். மறுபடியும் படுத்தார். அருவிப் பக்கம் தலையைத் திருப்பி, "இந்த அருவிச் சத்தம் உன் வீட்டுக்குக் கேக்குமா?" என்றார்.

"சுவத்துல காதை வச்ச மாதிரி கேக்கும் சார்."

"வருஷம் பூரா இருக்குமா? நடுவுல நின்னுடாதே?"

"நிக்கவே நிக்காது சார். நான் பொறந்ததுலேருந்து இந்தச் சத்தத்துலதான் தூங்குதேன்."

"அப்ப சரி" என்றார்.

எதற்கு 'அப்ப சரி' என்று நான் கேட்கவில்லை. தொடையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் போனேன். நாற்காலியில் உட்கார வைத்தார். பேனா மூடியை என் கண்ணுக்கு மேலே பிடித்து அதையே பார்க்கச் சொன்னார். கண் கனத்தது. வெளியே அருவிச் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். அந்தச் சத்தத்துக்குள் ஒவ்வொரு படியாக இறங்கச் சொன்னார். இறங்கினேன். தூங்கவில்லை, அவர் பேசியது எல்லாம் கேட்டது. ஆனால் கையைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. ஓடும் தண்ணீருக்கு அடியில் கல்லாகக் கிடப்பது மாதிரி இருந்தது. அவர் சொன்னார்: "இந்தச் சத்தம் உன் காதுல விழற வரைக்கும் பீடி உனக்கு வேண்டாம். வாயில வச்சா குமட்டும். சத்தம் கேக்குது, பீடி வேண்டாம். சத்தம் கேக்குது, பீடி வேண்டாம்." எத்தனை தடவை சொன்னார் என்று தெரியவில்லை.

அருவி நிற்கும் என்பது அங்கே, அந்த நாற்காலியில், எனக்கு ஞாபகம் வந்தது. சத்தியமாக வந்தது. வாயைத் திறக்கவில்லை. வசியத்தால் திறக்க முடியவில்லையா, சொன்ன பொய் வெளியே வந்துவிடும் என்று திறக்கவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலையில் பழக்கத்தில் ஒன்றை உதட்டில் வைத்தேன். பலகைக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன்.

"என்னலே, முழுகாம இருக்கியா? எத்தன மாசம்?" என்று அண்ணாச்சி கேட்க, வரிசை முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

டாக்டர் ஊருக்குக் கிளம்பும்போது தன் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் இலத்தூர் போனேன். அவள் என் கையை மோந்து பார்த்தாள். சட்டையை, தலைமுடியை, வாயை மோந்து பார்த்தாள். அண்ணன் வாசலில் நின்று, "மாப்ள, இது எத்தன நாளைக்கு?" என்றான். அவள் உள்ளே போனாள். பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "அவுக பீடிய விட்டுட்டாக, நான் போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ் நிற்கும் இடம்வரை சொன்னாள். கூட நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

ஆவணியிலிருந்து தை வரைக்கும் நன்றாக இருந்தோம். அவள் ஒரே மூச்சில் இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வந்தாள். பூனைக்குட்டி கத்துவது குறைந்தது. நான் தினமும் அருவியைப் பார்த்தேன். மற்றவர்கள் பார்ப்பதுபோல் இல்லை. தை கடைசியில் அது மெலிந்தது. மாசியில் பாறை அங்கங்கே காய்ந்து தெரிந்தது. ஒருநாள் காலையில் விழித்தபோது காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். கறுப்புப் பாறை மட்டும் நின்றது. என் வாயில் எச்சில் ஊறியது.

அச்சன்புதூரில் அப்போது அறுப்பு. ஒரு வயலில் பம்புசெட் ஓடியது. தண்ணீர் கொட்டும் இடத்தில் போய்க் காதைக் கொடுத்து நின்றேன். அது சின்னச் சத்தம். வாய் ஏமாறவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தினால் அருவிபோல் ஓர் இரைச்சல் கேட்கும். அதையும் செய்தேன். இரண்டு கையும் காதில் இருந்தால் அரிவாளை யார் பிடிப்பது? களத்துக்காரன் கத்தினான். பன்னிரண்டு நாள் தாங்கினேன். பதின்மூன்றாவது நாள் வரப்பில் உட்கார்ந்திருந்தவனிடம் ஒன்று கேட்டு வாங்கினேன். குமட்டவில்லை. தேன் மாதிரி இருந்தது, சவம்.

கொய்யா இலையை மென்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொய்யா இல திங்க நீங்க என்ன ஆடா?"

பல்லில் ஒட்டியிருந்த இலைத் துணுக்கை வாசலில் துப்பினேன்.

"சத்தம் நின்ன அன்னைக்கே தெரியும். நானும் இங்கனதான இருக்கேன், எனக்குக் காது இல்லையா?"

"நீ இலத்தூருக்குப் போயிரு."

"எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போவ? தெரு பூரா சொல்லிட்டுல்லா வந்திருக்கேன்."

அவள் போகவில்லை. போயிருக்க வேண்டும். அந்தத் தெருவில் ஒரு வீட்டிலாவது அவள் சொல்லாமல் வந்திருக்கலாம்.

மெட்ராஸ் டாக்டருக்கு எழுத ஒரு கார்டு வாங்கினேன். 'அருவி நின்றுவிட்டது' என்று எழுதினால் போதும். ஏதாவது வழி சொல்லியிருப்பார். அந்த வசியத்தை வேறு சத்தத்தில் கட்டியிருப்பார். நிக்கவே நிக்காது என்று சொன்னவன் எந்தக் கையால் அதை எழுதுவது? மூன்று நாள் வைத்திருந்தேன். பிறகு அதைக் கிழித்து அடுப்பில் காட்டிப் பீடி பற்ற வைத்தேன்.

வெயில் காலம் முழுக்க வெளியே நின்றுதான் குடித்தேன். ஆனியில் சாரல் வந்தது. சத்தமும் வந்தது. ஓடிப்போய் அருவிக்கு எதிரே நின்று, ஒரு பீடியை உதட்டில் வைத்துப் பற்ற வைத்தேன். வாந்தி வரும் என்று காத்திருந்தேன். கட்டை விரலைச் சுடும்வரை காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் கட்டியது அறுந்துபோயிருந்தது. அந்த வருஷம் அவரும் வரவில்லை. சாரலுக்குப் பயந்து உள்ளே வந்தேன். கதவைச் சாத்தினேன். உள்ளேயே குடித்தேன். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

ஐப்பசி மழையில் அருவி பாறையையே புரட்டிவிடுவதுபோல் விழுந்தது. ஒரு காலை நேரம். "கதவத் திறங்க" என்றாள். திறந்தேன். அதன் பிறகு அவள் பேசவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த இரைச்சலில் அவள் மூச்சு எப்போது நின்றது என்று எனக்குக் கேட்கவில்லை.

தென்காசி டாக்டர், "உம்ம புகையாலதான்னு நினைக்காதீரும். அவளுக்கு ஏற்கெனவே நெஞ்சு மோசம்" என்றார். அவருக்கும் பலகைச் சட்டம் தெரியும்போல.

அடுத்த சாரலுக்கு மெட்ராஸ் டாக்டர் வந்தார். நேராக என் பலகைக்கு வந்து படுத்தார். முதுகில் எண்ணெய் ஊற்றினேன்.

"என்னப்பா, பீடி?"

பீடிக்கட்டு என் மடியில் இருந்தது.

"விட்டாச்சு சார்."

"வீட்டம்மா?"

"வந்துட்டா சார்."

"பாத்தியா!" என்று அவர் படுத்தபடியே சிரித்தார். அடுத்த பலகையில் கிடந்தவரிடம், "இவன் ஒரு நாளைக்கு மூணு கட்டு குடிச்ச ஆள் சார். ஒரே நாள்ல நிறுத்திட்டேன்" என்றார். அங்கே தேய்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர்தான் அவளுக்குப் பாடை கட்டியவர். பிறகு குனிந்து தேய்க்கத் தொடங்கினார்.

"இந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் உனக்குக் கவலையே இல்லை" என்றார் டாக்டர்.

"ஆமா சார்" என்றேன். "திரும்பிப் படுங்க."