எனக்கப்புறம் அந்தப் பாத்திரத்துல குடிச்சவங்க

என்ற பேரு பழனியம்மாள். பெருந்துறைக்கு வடக்கால ஒரு சின்ன ஊருங்க. மூச்சு வாங்கறதால நான் மெதுவாத்தான் பேசுவேன், பொறுத்துக்கோங்க. ஆண்டவர் எனக்குச் செஞ்சதைச் சபைக்கு முன்னால சொல்லோணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். இனியும் தள்ளிப்போட்டா சொல்ல முடியாமலே போயிரும்னு பயந்துதான் இன்னைக்கு எந்திரிச்சேன்.

தொண்ணூத்தி மூணு வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. மஞ்சளும் கரும்பும் வெளையற தோட்டம், கூட்டுக் குடும்பம். என்ற ஊட்டுக்காரர் சொந்த லாரி வெச்சு பம்பாய் லைன் ஓட்டுனாரு. எங்களுக்கு ஒரே பொண்ணு, கவிதா. அப்ப அவளுக்கு அஞ்சு வயசு.

அந்த வருசம் ஐப்பசியில அவரு பாதியா எளைச்சுத் திரும்பி வந்தாரு. வயித்தால போறது நிக்கவே இல்லை. வாயெல்லாம் புண்ணு. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்த டாக்டர் என்ற கொழுந்தனாரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு என்னமோ சொன்னாரு. எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. மாத்துத் துணி எடுக்க ஊருக்கு வந்தேன். பஸ் ஸ்டாப்புல நின்ன பொம்பளைங்க என்னைப் பார்த்ததும் முந்தானையை மூக்குக்கு மேல இழுத்து மூடிக்கிட்டாங்க. காரணம் தெரியாம நான் அவங்களைப் பார்த்துச் சிரிச்சேன்.

தை மாசம் அவரு போயிட்டாரு. எய்ட்ஸுன்னு அப்பத்தான் எனக்குச் சொன்னாங்க. உடம்பை பாலிதீன் பையில சுத்திக் குடுத்தாங்க. ஊர்ச் சுடுகாட்டுல வெக்கக் கூடாதுன்னுட்டாங்க. கொழுந்தனாரும் கூலிக்கு வந்த ரெண்டு பேரும் தோட்டத்து மூலையில வெச்சு எரிச்சுப்போட்டாங்க. கூட உக்காந்து அழுக ஒரு பொம்பளை வரலை. நான் தூரத்துல நின்னு புகையைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் எனக்கும் புள்ளைக்கும் ரத்தம் எடுத்தாங்க. புள்ளைக்கு இல்லை. எனக்கு இருந்துது.

என்ற அண்ணன் வந்து கவிதாவைக் கூட்டிட்டுப் போயிட்டாரு. "நீ அந்தப் பக்கம் வராத அம்மணி, அவளுக்கு நல்லது கெட்டது பார்க்கோணுமில்ல"ன்னு சொன்னாரு. புள்ளை வேன் கண்ணாடி வழியா என்னைப் பார்த்துக் கை ஆட்டுனா. ரெண்டு நாள்ல வந்துருவோம்னு நெனச்சிருப்பா.

என்னைத் தோட்டத்துச் சாளையில விட்டாங்க. சாளைன்னா மாட்டுக்குப் போடற சோளத்தட்டும் பூச்சி மருந்து டப்பாவும் வெக்கற ஓலைக் கொட்டகை. கெணத்துக்குப் போகக் கூடாது, தொட்டியில கை வெக்கக் கூடாது. ஒரு போசியில சோறும் ஒரு கொடம் தண்ணியும் வேலிக்கு அந்தப் பக்கம் வெச்சுட்டுப் போவாங்க. அவங்க போனப்புறம்தான் நான் எடுக்கோணும். ஆறு மாசம் இப்படியே போச்சுங்க. பேச ஆளில்லாம என்ற குரலே எனக்கு வேத்தாள் குரல் மாதிரி கேட்டுது.

ஆடி மாசம் காய்ச்சல் கண்டு படுத்துட்டேன். காத்து அடிச்சுக் கொடம் சாய்ஞ்சு போச்சு. மூணு நாள் யாரும் வரலை. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. மூலையில இருந்த பூச்சி மருந்து டப்பா வரைக்கும் ஊர்ந்து போனேன். மூடியைத் திருகக் கையில பலமில்லை. சாகக்கூட முடியலைங்க எனக்கு.

நல்ல உச்சி வெயில் நேரம். எந்தச் சாமியைக் கூப்பிடறதுன்னு தெரியலை. நான் கும்பிட்ட சாமிகிட்ட எல்லாம் அவருக்காகக் கேட்டு முடிச்சாச்சு. ஊருக்குத் தெக்கால கூலிக்காரங்க குடியிருக்கற வளவுல ஒரு சின்னக் கோயில் உண்டு. ஞாயித்துக்கிழமை அங்க ரேடியோ செட்டுல "இயேசுவே, இயேசுவே"ன்னு பாடறது தோட்டம் வரைக்கும் கேக்கும். அந்தப் பேரு ஒண்ணுதான் ஞாபகம் வந்துது. "இயேசுவே, என்னைப் பொழைக்க வெக்கச் சொல்லலை. தனியாச் சாக உட்றாத. ஒரு மனுசரை அனுப்பு." அவ்வளவுதான் நான் கேட்டது.

எவ்வளவு நேரம் கெடந்தேன்னு தெரியலை. படல் தள்ற சத்தம் கேட்டுது. வந்தது சாராளு. எங்க தோட்டத்துல களை எடுத்தவ. என்னைவிட ரெண்டு வயசு மூத்தவ. ஆனா நான் அவளை வா போன்னுதான் பேசுவேன். எங்க வாசல்ல அவ தண்ணி கேட்டா எட்டி நின்னு, அவ ரெண்டு கையையும் குவிச்சுப் புடிக்க, மேல இருந்து ஊத்துவேன். சொம்பு அவ கையில படாம ஊத்த எனக்கு நல்லாத் தெரியும்.

அந்தச் சாராளு என்ற தலையைத் தூக்கி மடியில வெச்சா. அவ தூக்குப்போசியில இருந்த தண்ணியை என்ற வாயில வெச்சா.

"தொடாதீங்க, ஒட்டிக்கும்"னு சொன்னேன். அவளை நான் ‘ங்க’ போட்டுப் பேசுனது அன்னைக்குத்தான் முதல்.

"ஒட்டாதுங்க அம்மணி. என்ற தங்கச்சி சிங்காநல்லூர்ல ஆஸ்பத்திரி ஆயா. தொட்டா ஒட்டாதுன்னு அவ சொல்லியிருக்கறா. நீங்க குடிங்க."

"உங்க ஆண்டவர் அனுப்புனாரா?"

சாராளு வெளிய வெச்சிருந்த அருவாளைக் காட்டுனா. "புல்லறுக்க வந்தேனுங்க. ஆடு ரெண்டும் பட்டினி."

அதைக் கேட்டு நான் அழுதுபோட்டேன். இன்னொருத்தரா இருந்தா ஆமா, அனுப்புனாருன்னு சொல்லியிருப்பாங்க. அவ சொன்ன அந்த உண்மைக்காகவே நான் அவ ஆண்டவரை நம்புனேன்.

சாராளக்காளும் அவங்க ஊட்டுக்காரர் ஏசுவடியானும் என்னைக் கட்டல்ல வெச்சுத் தூக்கிட்டு அவங்க ஊட்டுக்கே கொண்டு போயிட்டாங்க. கொழுந்தனாருக்கு ஆத்திரம். என்னைப் பத்தி, அவளுக்கு நாங்க தலை முழுகியாச்சுன்னு சொல்லிப்போட்டு, அந்த வளவு ஆளுங்க ஒருத்தருக்கும் எங்க ஊர்க் காட்டுல எங்கயும் வேலை கெடையாதுன்னும் சொல்லிட்டாரு. மஞ்சளுக்குக் களை எடுக்கற சமயம். என்னால முப்பது ஊட்டு அடுப்பு அணைஞ்சுது.

வளவு ஆளுங்க சாராளக்கா வாசல்ல கூடுனாங்க. நான் உள்ள படுத்துக் கேட்டுட்டிருந்தேன். பாக்கியநாதன்னு ஒருத்தர், வயசு அம்பது இருக்கும். அவரு கேட்டாரு: "இவங்க ஊட்டு வீதியில நாங்க செருப்புப் போட்டு நடந்ததுக்கு எங்கப்பனைப் புளியமரத்துல கட்டி வெச்சாங்க. இப்ப இவங்களுக்காக நாங்க பட்டினி கெடக்கோணுமா? சொல்லு ஏசுவடியான்."

பாக்கியநாதன் கேட்டது நாயந்தானுங்க. எங்க மாமனார்தான் கட்டி வெச்சது. நான் செவுத்தைப் புடிச்சு எந்திரிச்சு வெளிய வந்தேன்.

"நான் உங்க யாருக்கும் ஒரு நாளும் சொம்புல தண்ணி குடுத்ததில்லைங்க. மன்னிச்சுக்கோங்கன்னு கேக்கக்கூட எனக்கு மொகமில்லை. நான் சாளைக்கே போயிர்றேன்."

ஒரு அம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க. பாக்கியநாதன் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு நடந்தாரு. சாராளக்கா மட்டும், "உள்ள வாங்க அம்மணி, கஞ்சி ஆறுது"ன்னு சொன்னாங்க.

ஆம்பளைங்க பெருந்துறைச் சந்தையில சுமை தூக்கப் போனாங்க. பொம்பளைங்க நாலு மைல் நடந்து வேத்தூருக் காட்டுக்குக் களை எடுக்கப் போனாங்க. அவங்க போறப்பவும் வாரப்பவும் கால் புழுதியைப் பார்த்து நான் கூசிப் போவேன். என்னை யாரும் போன்னு சொல்லலை. ஆனா வான்னும் சொல்லலை.

மறு வருசம் எனக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை திருவிருந்து. ஒரே பாத்திரத்துல இருக்கற திராட்சை ரசத்தை எல்லாரும் வாய் வெச்சுக் குடிப்பாங்க. முந்தின நாள் சாயங்காலம் போதகர் ஐயா வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாரு: "சிலருக்குப் பயமா இருக்குதும்மா. உங்களுக்கு மட்டும் ஒரு தனி டம்ளர் வெச்சுக்கலாங்களா?" அவரு நல்ல மனுசன். நான் சரிங்கன்னு சொன்னேன். எங்க ஊட்டுக் கூரையிலயும் வேலைக்காரங்களுக்குன்னு தனி டம்ளர் சொருகி வெச்சிருந்தோம். அதைக் கழுவக்கூட நாங்க தொட மாட்டோம். இப்ப என்ற மொறைன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை நான் கடைசியா முழங்கால் போட்டேன். ஐயா அந்தச் சின்ன டம்ளரைக் கையில எடுத்தாரு. பின்னால ஒரு குரல் கேட்டுது.

"தனி டம்ளர் வேண்டாமுங்க ஐயா."

பாக்கியநாதன். வாசல் பக்கம் நின்னிட்டிருந்தாரு. அன்னைக்கு அவரு இன்னும் திருவிருந்து எடுத்திருக்கலை.

"தனி டம்ளர்னா என்னன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. அது இந்தக் கோயிலுக்குள்ள வரக் கூடாது."

முன்னால வந்து என்ற பக்கத்துல முழங்கால் போட்டாரு. ஐயா டம்ளரைக் கீழ வெச்சுட்டுப் பாத்திரத்தை எடுத்தாரு. நான் குடிச்சேன். அடுத்தது பாக்கியநாதன் குடிச்சாரு. சாராளக்கா வாசல்ல இருந்து அன்னைக்கு எந்திரிச்சுப் போன அந்த அம்மா, ஏற்கனவே குடிச்சவங்க, மறுபடி வந்து நின்னாங்க. அவங்களுக்குப் பின்னால இன்னும் அஞ்சாறு பேர்.

பாக்கியநாதன் அண்ணன் இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட அதிகம் பேச மாட்டாரு. பேசோணும்னு நான் எதிர்பார்க்கறதுமில்லை. அவங்கப்பனுக்கு நடந்தது நடந்ததுதான்.

இப்ப தொண்ணூத்தி எட்டு. என்ற வியாதி போகலை. டாக்டர் இனி ரொம்ப நாள் சொல்ல மாட்டேங்கறாரு. கவிதாவைப் பார்க்கோணும்னு தெனமும் கேக்கறேன், அதுக்கு இன்னும் பதில் வரலை. அவளுக்குப் பத்து வயசு ஆச்சு. அவ அம்மா செத்துட்டதாச் சொல்லி வளர்த்தறாங்கன்னு கேள்வி. ஏன் ஆண்டவரேன்னு நான் அழுகாத நாளில்லை. ஆனா அழுகறப்ப முதுகைத் தடவ ஒரு கை இருக்குது. நான் கேட்டது ஒரு மனுசரை. அவரு ஒரு வளவையே குடுத்துட்டாரு.

போன மாசம் பக்கத்தூர்ல என்னை மாதிரியே ஒரு லாரிக்காரர் சம்சாரம். ஊட்டுல ஒதுக்கி வெச்சுட்டாங்கன்னு கேட்டு நானும் சாராளக்காளும் போனோம். பதினோரு நாள் கூட இருந்தோம். அவ போறப்ப என்ற கையைப் புடிச்சிருந்தா. நாங்க ரெண்டு பேரும்தான் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டோம்.

வெளிய ரேடியோ செட்டுல இதைக் கேக்கறவங்கள்ல யாராச்சும் ஒதுக்கப்பட்டுக் கெடந்தா, சொல்லிக்கற மாதிரி வியாதியோ இல்லையோ, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். வார்த்தை தெரியாட்டியும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு எங்க கோயிலுக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு. பொம்பளைங்க பக்கம் மூணாவது பாயில நான் இருப்பேன். நான் இல்லாட்டியும் சாராளக்கா இருப்பாங்க, நகர்ந்து எடம் குடுப்பாங்க.