மாலை போட்ட படம்

எங்கள் வீட்டில் மாலை போட்ட படங்கள் இரண்டு இருந்தன. ஒன்று பிள்ளையார், மற்றது அப்பா. மாலை போட்டவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பார்கள் என்பது ஏழு வயதில் என் உறுதியான முடிவு.

நாடுவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த வில்லரேயில், எங்களுக்கு மேல்மாடியில் ஒரு வங்காள அன்ரி இருந்தார். சனிக்கிழமைகளில் அங்கே எனக்குப் பிரெஞ்சுப் பாடம், அம்மாவுக்குத் தேநீர். சுவரில் மாலையோடு ஒருவர்: முன்பாதி மழித்த தலை, தோளில் சால்வை, சிரிப்பென்பதே இல்லை. யாரென்று கேட்டேன். அவர் பெயர் என் வாயில் நுழையவில்லை. அந்தக் காலத்து வாத்தியாராம், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் திறந்தவராம், எழுத்துப் பழகப் புத்தகம் எழுதியவராம். அதுவரை நல்லவராகத்தான் இருந்தார். கணவனை இழந்த பெண்களுக்கு மறுபடி கல்யாணம் செய்துவைத்தவரும் அவர்தான் என்று அன்ரி சொன்னதும் நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து வெளிப்படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். பள்ளியிலிருந்து திரும்பும்போது அம்மா வீட்டில் இருக்கமாட்டார் என்று ஓட்டமாக ஓடி வருவேன். அந்தத் தேநீருக்கு லொங்குய் என்ற பக்கத்து ஊரிலிருந்து தனியாள் மாமா ஒருவரும் வருவார், எனக்கு மேப்பிள் மிட்டாய் கொண்டுவருவார். அவரிடம் எனக்கு ஒரு பயமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பெரியவர்கள் குசினியில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தபோது படத்தைக் கழற்றிக் குளிர்ச்சட்டைக்குள் ஒளித்து வந்து, என் கட்டிலுக்கடியில் குப்புற வைத்தேன். மறுநாள் கூட்டும்போது அம்மாவிடம் அகப்பட்டது. அடிதான் என்று நின்றேன்.

“ஏன் எடுத்தனி?”

“இவர் உங்களுக்குக் கலியாணம் கட்டிவைச்சு அனுப்பிப்போடுவார்.”

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு அவ்வளவு பயமோ?”

“ஓம்.”

“அப்ப நான் ஒரு இடமும் போகேல்லை.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். திரும்பி வர நெடுநேரமாயிற்று. கண் சிவந்திருந்தது. குளிர்காற்று என்றார்.

அம்மாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. எனக்கு இப்போது அதைவிட நாலு வயது கூட. சொன்னபடியே அவர் ஒரு இடமும் போகவில்லை. எனக்கு அன்றைக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? லொங்குய் மாமாவின் மேப்பிள் மிட்டாய் ஏன் இப்போது வருவதில்லை என்று அந்தக் குளிர்காலம் முழுவதும் அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.