மஃப்ளர் புரட்சி

எங்கள் நியூ டவுன் குடியிருப்பின் கால்பந்துப் போட்டியில் இனி வீட்டுக்காரர்கள் மட்டும்தான் ஆடலாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. எங்களுக்குக் கோல் அடித்துக் கொடுப்பவரோ மூன்றாம் மாடிக்காரரின் டிரைவர். எதிர்ப்பாக எல்லோரும் கையில் வெள்ளை நாடா கட்டுவோம் என்றேன். சீருடைக்கு மேல் துணி எது இருந்தாலும் சிவப்பு அட்டை என்றது கமிட்டி. அணியே கழன்றுகொண்டது. போட்டியன்று காலையில் நான் மட்டும்தான் கட்டியிருந்தேன். முதல் அட்டை எனக்கு.

"அப்போ மஃப்ளர், மங்கி குல்லா எல்லாம் துணி இல்லையா?" என்று எங்கள் அணியினரைக் காட்டிக் கத்தினேன். நியாயம்தான் என்று நடுவர் எல்லோரையும் கழற்றச் சொன்னார். டிசம்பர் மாதக் கொல்கத்தாவில் அது நடக்கிற காரியமா? சளி பிடித்துவிடும் என்று அலறி, ஒருவர் விடாமல் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். கொள்கைக்கு வராத வீரம் தொண்டைக்காக வந்தது.

அணி மொத்தமும் வெளியேறியதைக் கேள்விப்பட்டு டிரைவர் ஓடிவந்தார். வங்காளிகள் அண்ணனை அழைக்கும் 'தாதா'வைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கண்கலங்கினார். அவர்களும் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு, "இதுகூடச் செய்ய மாட்டோமா?" என்றார்கள்.

கடைசியாக என் நாடாவைப் பார்த்தார்.

"கையில என்ன தாதா, அடிபட்டுடுச்சா?"