கல் இல்லாத ஊரின் மேசை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பாடப்புத்தகத்தின் மேல்கூட வரும். எட்டாம் வகுப்பு அறிவியலில் பாறைகளைப் பற்றிய பாடம் நடத்தி முடித்திருந்தேன். கடைசியில் ஒரு செயல்பாடு: சொந்த ஊரில் கிடைக்கும் பாறைகளைச் சேகரித்து வகை பிரிக்க வேண்டுமாம். எழுதியவர் மன்னார்குடிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை போலும். இங்கே கடப்பாறையை எங்கே இறக்கினாலும் களிமண்தான். நாய் துரத்தினால் எறிவதற்குக் கல் கிடைக்காத சீமை இது.

ஆனாலும் பிள்ளைகள் வெறுங்கையோடு வரவில்லை. மறுநாள் காலையில் என் மேசை நிறைந்துவிட்டது. பாதிக்கு மேல் ரயில்பாதை ஜல்லி. கல் எங்கே உண்டாகிறது என்று கேட்டேன். தண்டவாளத்துக்கு அடியில் என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. அவர்கள் மேல் என்ன தப்பு? பிறந்ததிலிருந்து அங்கேதான் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி வீட்டு அம்மிக்குழவியைத் தூக்கி வந்துவிட்டாள். அவள் அம்மா இடைவேளைக்குள் பள்ளிக்கூடத்துக்கே வந்து, பாதி அரைத்த துவையலுக்கு என்னிடம் நியாயம் கேட்டார்.

கடைசி பெஞ்சில் உட்காரும் பெண் ஒருத்தி சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி ஒரு கல்லைக் கொண்டு வந்திருந்தாள். நீளமாக, நான்கு பக்கமும் செதுக்கியது. ஊரில் மண்ணுக்குள் இருந்த ஒரே கல் இதுதான் என்றாள். ஜல்லி கொண்டு வந்தவர்களை அவள் பார்த்த பார்வையில் அத்தனை இளக்காரம். நான் மேலிருந்த சேற்றைத் துடைத்துப் பார்த்தேன். தலையில் கோடு வெட்டியிருந்தது. அது சர்வே கல். அவள் அப்பா வயலுக்கும் பெரியப்பா வயலுக்கும் நடுவில் நட்டிருந்த எல்லைக்கல்.

மதியத்துக்குள் பெரியப்பா வந்துவிட்டார். அந்த வரப்பை வைத்து அண்ணன் தம்பிக்குள் ஏற்கெனவே முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. தம்பிதான் மகளை விட்டுக் கல்லைப் பிடுங்கச் சொன்னான் என்று அவர் அடித்துச் சொன்னார். பாடத்துக்காகப் பிடுங்கினாள் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். சர்வேயர் வந்து அளந்து, கல்லைப் பழைய இடத்தில் நட்ட பிறகுதான் சத்தம் அடங்கியது. இனிமேல் பள்ளிக்கூடத்துக்குள் கல் என்ற பேச்சே கூடாது என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டார். பிள்ளைகள் அவளுக்குக் 'கல்பிடுங்கி' என்று பெயர் வைத்தார்கள். எதற்கெடுத்தாலும் கை தூக்குகிற பெண், கையைத் தூக்குவதையே விட்டுவிட்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்தில் தண்ணீருக்காக போர் போட்டார்கள். இயந்திரம் கக்கிய சேற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவள் திடீரென்று என்னிடம் ஓடி வந்தாள். குழாய் இறங்க இறங்கச் சேற்றின் நிறம் மாறுகிறது என்றாள். உண்மைதான். முதலில் கறுப்புக் களி, பிறகு மஞ்சள் மணல், அப்புறம் சாம்பல் நிறக் களி, ஆழத்தில் கூழாங்கல் கலந்த பருமணல். எல்லாவற்றையும் தண்ணீர் பாட்டில்களில் பிடித்துக் காயவைத்தோம். களிக்குக் கீழே மணல் எப்படி வந்தது என்று கேட்டு என்னைத் துளைத்தெடுத்தாள். ஆறு வேகமாக ஓடிய இடத்தில் மணல் தங்கும், வெள்ளம் வடியாமல் தேங்கிய இடத்தில் களி படியும் என்றேன். அப்படியானால் நம் பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் ஆறு ஓடியிருக்கிறது என்று அவளே முடித்துவிட்டாள்.

மாவட்ட அறிவியல் கண்காட்சியில் பாறைகளுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. அதில் நம் மேசை இருக்க வேண்டும் என்றாள். கல்பிடுங்கி என்ற பெயர் போக அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. கல் என்ற பேச்சை எடுக்காமல் மண் என்றே சொல்லித் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கினேன்.

கண்காட்சியில் பாட்டில்களை நிலத்துக்குள் இருந்த வரிசைப்படியே மேலிருந்து கீழாக அடுக்கி வைத்தாள். பக்கத்து மேசையில் சோடா உப்பில் எரிமலை பொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் முதல் பரிசும் அதற்குத்தான் போனது. நெல் விளைகிற மாவட்டத்துக்கு எரிமலையைப் பார்த்தால் ஒரு மயக்கம்.

நடுவர் வந்தார். பாட்டில்களைப் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா. ஆனா இது பாறைப் பிரிவு. உங்ககிட்ட ஒரு கல்லுகூட இல்லையே. வேளாண்மைப் பக்கம் மாத்திடுங்க."

கூட வந்த இருவர் மேசையில் கை வைத்துவிட்டார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"இதெல்லாம் கல்லுதான் சார். மலையெல்லாம் ஆத்துல அரைபட்டு, மாவா இங்கதான் வந்து சேருது. இன்னும் கொஞ்ச நாள் அழுந்திக் கிடந்தா திரும்பவும் கல்லாயிடும்."

எவ்வளவு நாள் என்று அவர் கேட்டார். பல லட்சம் வருஷம் என்று அவள் முகம் மாறாமல் சொன்னாள்.

அவர் குனிந்து கடைசி பாட்டிலை எடுத்தார். பருமணலை உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்துப் பார்த்தார். தனக்குச் சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம் என்றும், அங்கே காவிரி பாறைக்கு நடுவில்தான் ஓடும் என்றும் சொன்னார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ எங்க ஊர் மலையும் இதுக்குள்ள இருக்கும்னு சொல்றே?"

"இருக்கும் சார். ஆனா இப்ப அது எங்க ஊரு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மேசையில் கை வைத்திருந்த இருவரிடமும் கையை எடுக்கச் சொன்னார். மேசை அங்கேயே இருந்தது. இந்தப் பெண்ணுக்கு நான்தான் டீச்சர் என்று அந்த மண்டபத்தில் இருந்த எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.